சாரைக்கு எலி இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

அக்டோபர் 5, மாலை – கேள்வி

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி எழுதியது:

"அண்ணா, பாம்புக்குக் கண் சரியாகத் தெரியாது, காது சுத்தமாகக் கேட்காது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நேற்று எங்கள் தெருவில் ஒரு சாரை, பழைய சாமான் போட்டு வைக்கும் அறைக்குள் நுழைந்தது. உள்ளே ஒரே இருட்டு. நேராகச் சுவரோரமாகப் போய் மூலையில் இருந்த எலி வளைக்குள் தலையை விட்டுவிட்டது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கண்ணும் காதும் இல்லாமல் இது எப்படி முடியும்? மோப்பம் என்றால் நாய் மாதிரி மூக்கை உறிஞ்ச வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

அக்டோபர் 5, இரவு 10 மணி

மோப்பம்தான் தம்பி. ஆனால் மூக்கைவிட நாக்குக்குத்தான் அதில் பெரிய பங்கு.

கொருக்குப்பேட்டையில் அரிசி, பருப்பு மூட்டை அடுக்கும் ஒரு குடோனில் நான் பல வருஷம் கணக்கு எழுதினேன். ரயில்வே யார்டு பக்கம் எலிக்குப் பஞ்சமே கிடையாது; எலி இருக்கிற இடத்துக்குச் சாரை வரும். அங்கே பட்டப்பகலிலும் மூட்டை அடுக்குக்குப் பின்னால் வெளிச்சம் இருக்காது. சாரை பகலில் திரிகிற பாம்பு என்பதால் வேலை நேரத்திலேயே பலமுறை பார்க்கக் கிடைத்தது.

எலி நடுத்தரையில் ஓடாது, சுவரை ஒட்டியே ஓடும். ஒரே வழியில் தினமும் போய் வருவதால் சுவரடியில் அதன் உடம்பு அழுக்கு படிந்து கறுப்பாக ஒரு தடம் விழுந்துவிடும். போகிற வழியெல்லாம் மூத்திரத்தையும் சொட்டிக்கொண்டே போகும். சாரை உள்ளே வந்ததும் அந்தத் தடத்தைத்தான் பிடிக்கும். தலையைத் தரையோடு வைத்து, நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டே போகும். தடம் விட்டுப்போனால் நிற்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, நாக்கை இன்னும் வேகமாக ஆட்டும். தடம் கிடைத்ததும் மறுபடி நேராகப் போகும். நீங்கள் பார்த்த சாரை தடுமாறாமல் போனதற்குக் காரணம், அதன் முன்னால் எலி போட்டு வைத்த பாதை இருந்ததுதான்.

நாக்கு அங்கே என்ன செய்கிறது? பாம்பின் நாக்குக்கு ருசி தெரியாது. தரையிலும் காற்றிலும் இருக்கிற வாசனைத் துகள்களை ஒற்றி வாய்க்குள் கொண்டு போவதுதான் அதன் வேலை. மேலண்ணத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. அவை போய்ச் சேரும் உறுப்புக்கு ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர். லுட்விக் ஜேக்கப்சன் என்ற டென்மார்க் மருத்துவர் 1813-இல் அதை விவரித்து எழுதினார். அந்த வாசனை என்ன என்பது அங்கேதான் தெரியவருகிறது. மூக்கும் தனியாக வேலை செய்கிறது. ஆனால் அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புகளை வைத்துச் செய்த சோதனைகளில், மூக்கிலிருந்து போகும் நரம்பை வெட்டிய பிறகும் அவை தடத்தைப் பின்தொடர்ந்தன. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பை வெட்டியபோது அவற்றால் தடம் பிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 6, காலை

நேற்று முக்கியமான ஒன்றை எழுதாமல் தூங்கப் போய்விட்டேன்: நாக்கு ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது.

நாக்கை நீட்டும்போது இரண்டு நுனியும் நன்றாக விலகி, தரையில் இரண்டு இடங்களைத் தொடும். இடது நுனியில் வாசனை அதிகம், வலது நுனியில் குறைவு என்றால் எலி போன பாதை இடப்பக்கம் இருக்கிறது. பாம்பு அந்தப் பக்கம் திரும்பும். இரண்டிலும் ஒரே அளவு என்றால் நேராகப் போகும். கர்ட் ஷ்வெங்க் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1994-இல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார். அதற்கு முன்னால் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடும்பின் நாக்கும் இப்படி ஆழமாகப் பிளந்தது, அதுவும் தடம் பிடித்துப் போகிற பிராணிதான் என்பதைப் பார்த்தால் அந்த வாதம் இன்னும் வலுப்படுகிறது.

நாக்கை நீட்டினால் கொத்தப் போகிறது என்று அர்த்தம் இல்லை. குடோனில் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் நாக்கைப் பார்த்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பாம்பு அங்கே யார் நிற்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 9, இரவு

ராயபுரத்து அண்ணன் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காது கேட்காதென்றால் மகுடிக்கு எப்படி ஆடுகிறது?" அவருக்குப் பதில் சொன்ன இரண்டு பேர், "செவிடு, அது மகுடியின் அசைவைப் பார்த்து ஆடுகிறது" என்று முடித்துவிட்டார்கள். அசைவு என்பது சரி. செவிடு என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை.

சின்ன வயதில் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு பாம்பாட்டி வருவார். கூடையைத் திறந்து, மூடியால் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார், நல்லபாம்பு படம் எடுத்து நிற்கும். அவர் ஊதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்களிடம் பேசிக்கொண்டே முழங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அப்போதும் பாம்பு ஆடும். கையை அசைக்காமல் ஊதினால் அது சும்மா நிற்கும். எதிரே அசைகிற பொருளிடமிருந்து கண்ணை எடுக்காமல் தன்னைக் காத்துக்கொள்கிற நிலை அது. நடனமெல்லாம் ஒன்றும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் மெல்ல மெல்ல அடங்கியது. இன்று தெருவில் யாராவது கூடையோடு வந்தால் அது சட்ட விரோதம்.

சரி, காதுக்கு வருவோம். பாம்புக்கு வெளிக்காது இல்லை, செவிப்பறையும் இல்லை. உள்காது இருக்கிறது. செவிப்பறையில் ஒட்டியிருக்க வேண்டிய சின்ன எலும்பு, பாம்புக்குத் தாடையோடு சேரும் எலும்பில் போய் ஒட்டியிருக்கிறது. பாம்பு தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது தரையின் அதிர்வு தாடை வழியாக உள்காதுக்குப் போகும். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் நமக்கு இருப்பதுபோல் முன்னால் ஒட்டிப் போகாமல் தனித்தனியாக அசைவதால், அதிர்வு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக்கூடப் பிரித்தறிய முடியும் என்று 2008-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும் பாலைவன விரியனுக்கு மணலில் ஓடும் எலியின் காலடி இப்படித்தான் எட்டுகிறது.

காற்றில் வரும் சத்தமும் கொஞ்சம் கேட்கும். 2012-இல் ஆப்பிரிக்க ராஜ மலைப்பாம்புகளை வைத்து டென்மார்க்கில் செய்த ஆய்வில், சத்தம் மண்டை ஓட்டையே லேசாக அதிரச் செய்வதும், அந்த அதிர்வு உள்காதை எட்டுவதும் தெரிந்தது. 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை நன்றாகவே கேட்கிறது. அதற்கு மேலே போகப் போகக் குறையும். ஆண் குரலின் அடித்தொனி ஏறக்குறைய அந்த எல்லைக்குள்தான் வருகிறது. குழந்தையின் கீச்சுக் குரலைவிட ஒரு பெரியவரின் கனத்த குரல் பாம்புக்கு அதிகம் எட்டும்.

அக்டோபர் 9, இரவு 11.30

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க ஒன்று. 2023-இல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 19 பாம்புகளுக்குச் சத்தம் போட்டுக் காட்டிப் பார்த்தார்கள். தரையை அதிரச் செய்யும் சத்தம், காற்றில் மட்டும் வரும் சத்தம் என்று இரண்டு வகையும் கொடுத்தார்கள். காற்றுச் சத்தத்துக்கும் பாம்புகள் அசைந்தன. வோமா என்ற மலைப்பாம்பு வகை சத்தத்தை நோக்கி வந்தது. தைப்பான், பழுப்புப் பாம்பு போன்றவை விலகிப் போயின. பகலில் வேட்டையாடும் தைப்பானுக்குத் தன்னைத் தின்ன வரும் பருந்து, உடும்பு பற்றிய பயம் இருக்கும். இரவில் திரியும் பெரிய வோமாவுக்கு அது குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒரே சத்தத்துக்கு ஒரு பாம்பு வருகிறது, இன்னொன்று போகிறது என்பதுதான். "பாம்பு இப்படித்தான்" என்று மொத்தமாகப் பேசுவதை நாம் விட வேண்டும்.

அக்டோபர் 13

"எல்லாப் பாம்புக்கும் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கண் உண்டாமே, டிவியில் காட்டினார்கள்" என்று மணலியிலிருந்து கேள்வி.

எல்லாவற்றுக்கும் இல்லை. நம் வடசென்னையில் அதிகம் பார்க்கிற சாரை, நல்லபாம்பு, நீர்க்கோலி, கட்டுவிரியன் எதற்கும் இல்லை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயலோரத்தில் கிடக்கும் கண்ணாடி விரியனுக்கும், சுருட்டை விரியனுக்கும்கூட இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு குழி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மலைப்பாம்புக்கு உதட்டுச் செதில்களில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும்.

குழிவிரியனின் குழிக்குள் மிக மெல்லிய ஒரு சவ்வு கட்டியிருக்கிறது. அது முழுக்க நரம்பு நுனிகள். எலியின் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் பட்டால் சவ்வு துளியளவு சூடாகும். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலே நரம்பு சொல்லிவிடும். 1937-இல் நோபிள், ஷ்மிட் என்ற இரண்டு பேர் கண்ணை மறைத்த பாம்புகளிடம் துணி சுற்றிய பல்புகளை நீட்டிப் பார்த்தார்கள். சூடான பல்பை அவை தாக்கின. குளிர்ந்த பல்பை விட்டுவிட்டன.

எந்தப் புரதம் இந்தச் சூட்டை உணர்கிறது என்பது 2010-இல்தான் தெரிந்தது. நம் உடம்பில் கடுகின் காரத்தை உறைக்க வைப்பது எதுவோ அதே புரதத்தின் பாம்பு வடிவம் அது. அந்த ஆய்வை நடத்திய டேவிட் ஜூலியஸின் குழுதான் மிளகாய்க் காரத்தையும் வெப்பத்தையும் உணரும் இன்னொரு புரதத்தைக் கண்டுபிடித்தது. அதற்காக அவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தச் சூடு மூளையில் கண் பார்வை போய்ச் சேரும் அதே பகுதிக்குத்தான் போகிறது. அங்கே இரண்டும் ஒரே நரம்பணுக்களில் சந்திப்பதை எண்பதுகளின் தொடக்கத்தில் கிலுகிலுப்பை விரியன் என்ற அமெரிக்கக் குழிவிரியனில் காட்டினார்கள். ஆகவே அதற்குக் கண் காட்டும் உலகமும் சூடு காட்டும் உலகமும் தனித்தனியாக இருக்காது. ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே காட்சியாக இருக்கும். நான் இதைப் படித்த இரவில் வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 14

குழி இல்லாத கண்ணாடி விரியன் இரவில் எப்படிச் சமாளிக்கிறது என்று அதே மணலி நண்பர். நல்ல கேள்வி.

அது தேடி அலைவதில்லை. எலி போகும் தடத்தை நாக்கால் கண்டுபிடித்து, பக்கத்தில் புல்லோடு புல்லாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் அசையாது. எலி பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கடித்து, உடனே விட்டுவிடும். பிடித்துக்கொண்டே இருந்தால் எலி திருப்பிக் கடிக்கும். எலியின் பல் பாம்பின் கண்ணைப் பறித்துவிடும். எலி ஓடிப் போய் எங்கேயோ விழும். அப்புறம் விரியன் நிதானமாக எழுந்து நாக்கை ஆட்டிக்கொண்டே தேடிப் போகும்.

அந்த இடத்தில் நூறு எலி ஓடியிருக்கலாம். தான் கடித்த எலி எது என்று எப்படித் தெரியும்? கிலுகிலுப்பை விரியனில் அதைப் பார்த்திருக்கிறார்கள். விஷத்தில் இருக்கும் ஒரு வகைப் புரதம் எலியின் வாசனையையே மாற்றிவிடுகிறது. எலியைக் கொல்வதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு இல்லை, அடையாளம் வைப்பதுதான் வேலை. 2013-இல் வெளிவந்த ஆய்வு. விஷம் என்றால் கொல்வதற்கு மட்டும் என்று நினைத்திருந்த எல்லோருக்கும் அது புதுச் செய்தி.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று எண்ணூர் காட்டுக்குப்பத்தில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த விவாதத்தை அவரிடம் சொன்னதும், "தண்ணிக்குள்ள கிடக்கிறத பத்தி எழுதினியா?" என்றுதான் முதலில் கேட்டார். எழுதவில்லை. தரைப் பாம்புக்கே இவ்வளவு இடம் போய்விட்டது.

கொசஸ்தலையாற்றின் கழிமுகம் கலங்கிய தண்ணீர். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. வெயில் காலத்திலேயே அப்படி என்றால் மழைக்காலத்தைச் சொல்ல வேண்டாம். அந்தத் தண்ணீரில் கண்ணை நம்பி எந்தப் பாம்பும் பிழைக்க முடியாது. அங்கே தொடு உணர்வுதான் முதல்.

நம் கடலோரக் கழிமுகங்களில் அரம் போலச் சொரசொரப்பான தோலுள்ள ஒரு பாம்பு இருக்கிறது. தோல் உடம்புக்குப் பெரிதாகத் தைத்த சட்டைபோல் தொளதொளவென்று தொங்கும். மாமாவின் வலையில் எப்போதாவது வரும், எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார், விஷம் கிடையாது. அதன் ஒவ்வொரு செதிலிலும் தொடுவதை உணரும் நுண்ணிய முடி போன்ற நுனிகள் இருக்கின்றன. மீன் உடம்பில் உரசியதும் அந்த இடத்தில் உடம்பையே மடித்து மீனைப் பிடித்துக்கொள்ளும். தோல் சொரசொரப்பாக இருப்பதால் வழவழப்பான மீனும் நழுவ முடியாது. இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பறியைப் பல்லில் கவ்வி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதை எண்ணூர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். விரல் நுனியில் இறால் துள்ளிய அந்த நொடியில் கை மூடிக்கொள்ளும். அந்தக் கையின் வேலையை இந்தப் பாம்புக்கு உடம்பு முழுக்கச் செய்கிறது.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்குக் கடல்பாம்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வலையில் அதிகம் ஏறுவது மூக்கு வளைந்த வகை. அதன் முக்கிய உணவு கெளுத்தி மீன். கெளுத்தியின் முள் எப்படிக் குத்தும் என்று நமக்குத் தெரியும். அதையே அது தலைப்பக்கமாக விழுங்குகிறது. அடிக்கடல் சேற்றை ஒட்டி நீந்தி, மோப்பத்தாலும் தொட்டும் மீனைக் கண்டுபிடிக்கும். தண்ணீரில் நாக்கை முழுசாக நீட்டுவதில்லை, நுனியை மட்டும் உதட்டுக்கு வெளியே காட்டி இழுத்துக்கொள்ளும். இதன் விஷம் கடுமையானது. வலையை உதறும்போது வெறுங்கையால் எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மாமாவிடமும் இதற்காகத்தான் இன்று சண்டை போட்டேன்.

அக்டோபர் 21

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஒரு தங்கை, "மீன் பாம்பைவிட வேகமாயிற்றே, எப்படி அகப்படும்?" என்று கேட்டிருக்கிறார்.

தென்கிழக்கு ஆசியாவில் முகத்தில் இரண்டு தொங்கு உணர்கொம்புள்ள ஒரு தண்ணீர்ப்பாம்பு உண்டு. அது தண்ணீரில் வளைந்து, தலைக்கும் உடம்புக்கும் நடுவே மீன் வருகிறவரை காத்திருக்கும். மீன் வந்ததும் தலையால் தாக்குவதற்கு முன்னால் உடம்பை லேசாக ஒரு அசைப்பு அசைக்கும். மீன் அந்த அசைவு வந்த பக்கத்தை விட்டுத் திரும்பி ஓடும், அதாவது பாம்பின் வாய்க்கு நேராக. தப்பி ஓடுவது மீனுக்கு யோசிக்காமல் நடக்கிற காரியம், நொடியில் நூற்றில் சில பங்குக்குள் முடிந்துவிடும். பாம்பு அதையே பயன்படுத்திக்கொள்கிறது. இன்னும் ஒன்று: மீன் போகப் போகிற இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே தலையை நீட்டுகிறது. கென்னத் கட்டானியா என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் இதை அதிவேக கேமராவில் பிடித்துக் காட்டினார். எண்ணூர், பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் இருக்கும் நாய்முகத் தண்ணீர்ப்பாம்பு இதே குடும்பம்தான்.

நவம்பர் 2

இத்தனை நாள் நாக்கு, தாடை, தோல் என்றே போய்விட்டது. கண்ணை இப்படி ஒதுக்கி வைக்கக் கூடாது என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பச்சைப்பாம்பைப் பற்றி எழுதாமல் இந்த இழை நிறைவாக இருக்காது.

மாதவரம், புழல் பக்கம் வேலியோரங்களில் பார்க்கலாம். மெல்லிய கொடிபோல் கிடக்கும். இது கண்ணை நம்பி வாழும் பாம்பு. பாவை படுக்கைவாட்டில் நீண்டிருக்கும், சாவித்துளையின் வடிவம். மூக்கு கூம்பிப் போய், இரண்டு பக்கமும் கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தின் வழியே இரண்டு கண்ணாலும் ஒரே பொருளை நேராகப் பார்க்க முடியும். அதனால் ஓணான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சரியாக அளந்துவிடும். காற்றில் கிளை ஆடினால் தானும் சேர்ந்து ஆடிக்கொண்டே நெருங்கும். நாக்கை நீட்டினால் ஆட்டாமல் அப்படியே விறைப்பாக வைத்துக்கொண்டிருக்கும்.

கண்கொத்தி என்று பெயர் வைத்து இதைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். யார் கண்ணையும் தேடி வந்து அது கொத்துவதில்லை. மனிதனைக் கொல்கிற விஷம் அதற்கு இல்லை. ஓணானையும் தவளையையும் பார்த்துக்கொண்டு வேலியில் கிடக்கிற ஒரு அழகான உயிரை, பெயருக்காக மட்டும் கொல்கிறோம். இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கண்ணைப் பற்றி இன்னொன்று. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடியிருக்கும். சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்னால் அது பால் கலந்த நீலமாக மங்கிவிடும். அந்த நாட்களில் பார்வை குறைவு, பாம்பு பெரும்பாலும் இரை தேடாது, தொட்டால் சட்டென்று சீறும். சட்டையோடு சேர்ந்து அந்தச் செதிலும் உரிந்து வரும். உரித்துப் போட்ட சட்டை கிடைத்தால் தலைப்பக்கம் பாருங்கள், இரண்டு வட்டக் கண்ணாடி இருக்கும்.

நவம்பர் 5

"மலைப்பாம்பு எலும்பை நொறுக்கித்தான் கொல்லும்" என்று எழுதியவருக்கு: நொறுக்குவதில்லை. மூச்சு முட்ட வைத்துக் கொல்கிறது என்ற பழைய விளக்கமும் போதவில்லை. சுற்றி இறுக்கியதும் சில நொடிகளில் இரையின் ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. அதுதான் சாவுக்குக் காரணம் என்று 2015-இல், மலைப்பாம்பு போலவே இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளில் அளந்து காட்டினார்கள்.

இறுக்குவதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் பாம்பு தொட்டே உணர்கிறது. அதே குழு 2012-இல், செத்த எலிக்குள் துடிக்கிற ஒரு செயற்கை இதயத்தை வைத்துக் கொடுத்தது. துடிப்பு இருக்கிறவரை போவா இறுக்கிக்கொண்டே இருந்தது. துடிப்பை நிறுத்தியதும் சற்று நேரத்தில் தளர்த்தியது. சாரைக்கு இந்த வேலை தெரியாது. அது எலியைக் கவ்வி, உடம்பால் சுவரோடோ தரையோடோ அழுத்திப் பிடித்துக்கொண்டு உயிரோடேயே விழுங்கத் தொடங்கிவிடும்.

நவம்பர் 17

மழை பிடித்துக்கொண்டது. நேற்று இரவு மட்டும் மணலி புதுநகர், சடையன்குப்பம் பக்கமிருந்து வீட்டுக்குள் பாம்பு என்று நிறையச் செய்திகள் வந்தன. ஆகவே இன்று வேட்டைக் கதையை வைத்தே நமக்கு வேண்டியதை எழுதுகிறேன்.

வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலி மேட்டுக்கு வரும், பாம்பும் மேட்டுக்கு வரும். நம் வீடுதான் மேடு. எலி, தவளை, பல்லி இருக்கிற இடத்தில் பாம்புக்கு வேலை இருக்கிறது. வீட்டுப் பக்கத்தில் குப்பையை நாள்கணக்கில் அள்ளாமல் விட்டால் எலி பெருகும், எலித்தடம் சுவரோரம் நம் வாசல்வரை வந்துவிடும். பாம்பைத் துரத்துவதைவிட அந்தத் தடத்தை அழிப்பது நல்லது.

கட்டுவிரியனைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது இரவில் சந்து பொந்துகளில் நாக்கை விட்டுத் துழாவி, தூங்குகிற பல்லி, எலி, மற்றப் பாம்புகள் என்று தேடித் தின்னும். சுவரோரமாகவே போகும். நாம் பாய் போட்டுப் படுப்பதும் சுவரோரம்தான். தூக்கத்தில் புரண்டு கை அதன்மேல் பட்டால் கடித்துவிடும். வலி அதிகம் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி வரும், அப்புறம் இமை தானாக மூடிக்கொள்ளும். வயிற்றுக் கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாயின் அடியில் சுற்றிலும் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள்.

கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுப்பது. அங்கே பாம்பு பிடிக்கிற வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த மனிதர்கள் மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். பாம்பு எலித்தடத்தைப் படிக்கிறது, அவர்கள் பாம்புத்தடத்தைப் படிக்கிறார்கள்.

நவம்பர் 18

பூண்டு, பெருங்காயம், பினாயில், அந்துருண்டை எல்லாம் போட்டால் பாம்பு வராதா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: நம்பாதீர்கள். அந்துருண்டையைச் சோதித்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. கதவடி இடைவெளியை அடையுங்கள், சாக்கடைக் குழாய் வாயில் வலை கட்டுங்கள்.

நவம்பர் 24

எர்ணாவூரிலிருந்து அக்கா ஒருவர்: "பூந்தொட்டியில் மண்புழு மாதிரி கறுப்பாக ஒன்று. உற்றுப் பார்த்தால் நாக்கை நீட்டுகிறது! பாம்புக் குட்டியா?"

குட்டி இல்லை அக்கா, அது முழுசாக வளர்ந்த புழுப்பாம்பு. கண் இருக்கும் இடத்தில் செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும்தான். வெளிச்சம், இருட்டு தெரியும், அவ்வளவே. எறும்பும் கரையானும் போட்டுக்கொண்டு போகும் வாசனைத் தடத்தைப் பிடித்து அவற்றின் கூட்டுக்குள் போய் முட்டையையும் புழுவையும் தின்னும். இந்த வகையில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், தானாகவே முட்டையிடும். தொட்டியிலேயே இருக்கட்டும்.

அதே அக்காவின் இரண்டாவது கேள்வி: போன வாரம் அவர்கள் வாசலில் நீர்க்கோலிக் குட்டிகள் நாலைந்து வந்தனவாம். தாய் கூட இல்லையே, எதைத் தின்பது என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

யாரும் சொல்லித் தருவதில்லை. கோர்டன் பர்கார்ட் என்பவர் அறுபதுகளில் பிறந்தவுடனே, இன்னும் ஒரு வாய் இரைகூடத் தின்னாத கார்ட்டர் பாம்புக் குட்டிகளிடம், மண்புழு, மீன் போன்றவற்றைக் கழுவிய நீரில் பஞ்சை நனைத்து நீட்டினார். தன் இனத்துக்கு இரையான பிராணியின் வாசனை என்றால் குட்டி நாக்கை வேகமாக ஆட்டியது, சில சமயம் பஞ்சையே கடித்தது. வெறும் தண்ணீருக்கு அப்படிச் செய்யவில்லை. மண்புழு தின்னும் இனத்தின் குட்டி மண்புழு வாசனைக்கும், மீன் தின்னும் இனத்தின் குட்டி மீன் வாசனைக்கும் அதிகமாக எழுந்து வந்தன. பிறந்த பிறகு எதைத் தின்று பழகுகிறதோ அதற்கேற்பவும் இந்த விருப்பம் கொஞ்சம் மாறும்.

எர்ணாவூர்க் குட்டிகளைத் தொடாமல், தள்ளி நின்று, கால்வாய்ப் பக்கம் போக வழி விட்டது சரியான காரியம் அக்கா. நீர்க்கோலிக்கு விஷம் கிடையாது, கையில் எடுத்தால் மட்டும் நன்றாகக் கடிக்கும். கால்வாயில் இப்போது மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் நிறைய. அவை பிழைத்துக்கொள்ளும்.